வராத சீட்டுக்கு என்ன விலை?

ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து பந்தயம் கட்டி வந்தவர் கடைசிச் சீட்டில் தோற்றுப்போகிறார். எதிரே இருந்தவருக்கு ஒரே ஒரு 9 வேண்டியிருந்தது. வந்துவிட்டது. தோற்றவர் தன் சீட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு, "இதுக்கெல்லாமா கடைசி வரைக்கும் கூட வருவாங்க?" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் முறையிடுகிறார். ஜெயித்தவர் காதில் வாங்காமல் சிப்களை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அமெரிக்கச் சீட்டுக் கிளப்புகளின் சிறு பந்தய மேசைகளில் ஒரே மாலையில் பலமுறை பார்க்கக்கூடிய காட்சி இது.

கையில் இன்னும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஒரு சீட்டு வந்தால் ஆகிவிடும் என்றிருக்கும் கைக்கு அங்கே 'டிரா' என்று பெயர். அந்தச் சீட்டுக்காகக் காசு போட்டுக்கொண்டே போவதைத் துரத்துவது என்கிறார்கள். அந்தச் சொல்லிலேயே ஒரு ஏளனம் உண்டு. ஏளனம் நியாயமா என்பதுதான் இங்கே விசாரிக்க வேண்டியது.

ரம்மி ஆடியவர்களுக்கு இந்த நிலைமை புதிதல்ல. 5, 6 வைத்துக்கொண்டு 4-க்கோ 7-க்கோ வெயிட்டிங்கில் இருப்பதும், 5, 7 வைத்துக்கொண்டு நடுவே 6-க்கு ஏங்குவதும் ஒன்றல்ல என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ரம்மியில் ஒவ்வொரு சீட்டை எடுக்கவும் தனித்தனியாகக் காசு வைப்பதில்லை. போக்கரில் வைக்க வேண்டும். அதனால் சீட்டு வருமா என்ற கேள்வியோடு, அதற்கு என்ன விலை, வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்ற இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டெக்சாஸ் ஹோல்டெமில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. அந்த ஐந்தில் முதல் மூன்றும் ஒன்றாகத் திறக்கப்படும், அது ஃபிளாப். நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். ஏழு சீட்டில் சிறந்த ஐந்துதான் கை. 'லிமிட்' ஆட்டத்தில் பந்தயத் தொகை முன்கூட்டியே நிர்ணயம். 4–8 டாலர் மேசை என்றால் ஃபிளாப் வரை பந்தயம் 4 டாலர், டர்னிலும் ரிவரிலும் 8 டாலர். கூட்டலாம், ஆனால் அதே அளவில்தான். அதுவும் வழக்கமாக ஒரு சுற்றுக்கு மூன்று முறைக்கு மேல் முடியாது. லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய காமர்ஸ், பெல் கார்டன்ஸ் ஊர்களின் கிளப்புகளிலும் லாஸ் வேகாஸிலும் ஓய்வுபெற்றவர்களும் வேலை முடித்து வருபவர்களும் பல ஆண்டுகளாக உட்கார்ந்து ஆடிய ஆட்டம் இது.

துரத்தாதே என்ற புத்திமதி பெரும்பாலும் வேறோர் ஆட்டத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் கற்றுக்கொண்டது வரம்பில்லாத 'நோ லிமிட்' ஆட்டத்தை. அதில் நடுவே 50 டாலர் குவிந்திருந்தால் பந்தயம் கட்டுபவர் இன்னொரு 50-ஐ வைத்து உங்களை மிரட்டலாம். அப்போது 100-ஐ ஜெயிக்க நீங்கள் 50 வைக்க வேண்டும்: 2-க்கு 1. எந்தச் சாதாரண டிராவுக்கும் அது கட்டாது. லிமிட்டில் அந்த மிரட்டலுக்கு வழியே இல்லை. குவியல் எவ்வளவு பெருத்தாலும் அடுத்த சீட்டின் விலை அதே 4, அதே 8. ஐந்தாறு பேர் உள்ளே வரும் மேசையில் குவியல் பெருக்கத்தான் செய்யும்.

கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஃபிளாப் திறந்தபின் உங்கள் கண்ணில் பட்டவை ஐந்து சீட்டுகள், படாதவை 47. ஒரே ஜாதியில் நான்கு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருந்தால், அது ஃபிளஷ் டிரா, மிச்சம் 9 சீட்டு உங்களுக்கு உதவும். இவற்றை 'அவுட்' என்பார்கள். 38 சீட்டு கைவிடும், 9 கைகொடுக்கும்: ஏறத்தாழ 4.2-க்கு 1. இரண்டு பக்கமும் திறந்த வரிசைக்கு 8 அவுட், 4.9-க்கு 1. நடுவில் ஓட்டை விழுந்த வரிசைக்கு, அதாவது 'கட்ஷாட்'டுக்கு, 4 அவுட்தான், 10.75-க்கு 1. ஜோடியை வைத்துக்கொண்டு அதே எண்ணில் மூன்றாவது வரும் என்று காத்திருப்பவருக்கு 2 அவுட், 22.5-க்கு 1. இந்தக் கடைசி வகையின் பின்னால் போகிறவர்களுக்காக யாரும் வாதாட முடியாது.

மேசையில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் ஒரு குறுக்கு வழி புழக்கத்தில் உண்டு: இன்னும் இரண்டு சீட்டு வரவேண்டும் என்றால் அவுட்டை 4-ஆல் பெருக்கு, ஒன்றுதான் என்றால் 2-ஆல் பெருக்கு, கிடைப்பது சதவீதம். ஃபிளஷ் டிராவுக்கு 36 வரும். சரியான விடை 35. மோசமில்லை. ஆனால் லிமிட் மேசையில் அதிகமான ஆட்களைக் கெடுத்தது இந்த 4-ஆல் பெருக்கும் பழக்கம்தான் என்பது என் எண்ணம். 35 சதவீதம் என்பது இரண்டு சீட்டுக்கும் சேர்த்து. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஃபிளாப்பின் 4 டாலரை மட்டும் விலையாகப் பார்த்தால், பிறகு டர்னில் வரப்போகும் 8 டாலர் கணக்கிலேயே வராது. இரண்டு சீட்டுக்கான வாய்ப்பைப் பேசினால் இரண்டு சீட்டுக்கான விலையையும் பேச வேண்டும்.

ஒரு கையைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். 4–8 மேசை. கட்டாயப் பந்தயமாக 2 டாலர் வைத்தவர் கவிழ்த்துவிட்டார், அதாவது சீட்டைக் கீழே வைத்து விலகிவிட்டார். உங்களோடு சேர்த்து ஐந்து பேர் ஆளுக்கு 4 வைத்து ஃபிளாப் பார்க்கிறார்கள். குவியல் 22 டாலர். நீங்கள்தான் கடைசியாகப் பேசுபவர். கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் 9. ஃபிளாப்பில் ராஜா, 7 என இரண்டு ஆட்டின், கூடவே ஓர் இஸ்பேட் 2. முதல் ஆள் 4 கட்டுகிறார், இருவர் கூட வருகிறார்கள், ஒருவர் கவிழ்க்கிறார். இப்போது குவியல் 34, உங்கள் விலை 4: 8.5-க்கு 1. உங்களுக்குத் தேவையோ 4.2-க்கு 1. இங்கே யோசிக்கவே வேண்டாம். கூட்டினாலும் தப்பில்லை. நான்கு பேரும் இன்னொரு 4 வைத்தால் உள்ளே போவது 16. அதில் 35 சதவீதம், அதாவது 5.60 டாலர், உங்கள் பங்கு. வைத்தது 4. கையில் ஒரு ஜோடிகூட இல்லாதவர் பணத்துக்காகக் கூட்டுகிறார் என்பது பார்ப்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அதில் இன்னோர் ஆதாயமும் உண்டு. கூட்டியவரைப் பார்த்து மற்றவர்கள் டர்னில் பந்தயம் கட்டத் தயங்கினால், ரிவர் சீட்டைக் காசில்லாமல் பார்த்துவிடலாம்: 4 கொடுத்து 8 மிச்சம் பிடிப்பது.

கூட்டாமல் வெறுமனே வந்திருந்தாலும் டர்னில் குவியல் 38. ஒருவர் 8 கட்டி இன்னொருவர் வந்தால் 54. உங்கள் விலை 8: 6.75-க்கு 1, தேவை 4.1-க்கு 1. இன்னும் லாபம்தான். ஏஸோடு கூடிய ஃபிளஷ் டிராவைக் கூட்டமான மேசையில் டர்னில் கவிழ்ப்பவர் பணத்தைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிறார்.

இப்போது நாம் தொடக்கத்தில் பார்த்த கைக்கு வருவோம். அதே மேசை, அதே 22 டாலர். உங்கள் கையில் ஜாக்கியும் 10-ம். ஃபிளாப் ஏஸ், 8, 7. மூன்றும் மூன்று ஜாதி. 9 வந்தால் 7-லிருந்து ஜாக்கி வரை வரிசை. அதைவிடப் பெரிய கை அந்த நேரத்தில் யாரிடமும் இருக்க முடியாது. ஆனால் நாலே நாலு 9. ஏஸ் ஜோடிக்காரர் 4 கட்டுகிறார், இருவர் வருகிறார்கள். குவியல் 34. நேரடியாகப் பார்த்தால் 8.5-க்கு 1, உங்களுக்கு வேண்டியது 10.75. கட்டவில்லை. மேலோட்டமான புத்தகங்கள் இங்கேயே கையைக் கவிழ்க்கச் சொல்லும்.

நிதானமாகப் பார்த்தால் வேறு தெரியும். 47 முறை இதே நிலை வந்தால் 43 முறை 4 டாலர் போகும்: 172 டாலர் நஷ்டம். நான்கு முறை 9 வரும். அந்த நான்கு முறையும் சராசரியாக 43 டாலர் கிடைத்தால் கணக்கு நேராகும். 34 ஏற்கெனவே நடுவில் கிடக்கிறது. மிச்சம் 9 டாலரைப் பின்னால் வசூலித்தாக வேண்டும். ஏஸ் ஜோடியை வைத்திருப்பவர் டர்னில் 8, ரிவரில் 8 கொடுக்கத் தயங்குபவர் அல்ல. அவர் ஒருவரே 16 தருவார். 50 ஆகிவிட்டது. ஆக, ஃபிளாப்பில் அந்த 4 டாலரை வைப்பது சரி. நடுவில் இருவர் வராமல் ஏஸ்காரர் மட்டும் கட்டியிருந்தால் குவியல் 26. அவரிடமிருந்து 16 வந்தாலும் 42. ஒரு டாலர் குறைகிறது. இத்தனை மெல்லிய கோடு அது. இரண்டு பேர் சும்மா கூட வந்ததுதான் தப்பைச் சரியாக்கியது.

டர்ன் திறக்கிறது; ஒன்றுக்கும் உதவாத 3. குவியல் 38. ஏஸ்காரர் 8 கட்டுகிறார், மற்ற இருவரும் கவிழ்க்கிறார்கள். குவியல் 46. இப்போது 42 சீட்டு கைவிடும், 4 கைகொடுக்கும். 42 முறை 8 டாலர் என்றால் 336. நான்கால் வகுத்தால் 84. ஜெயிக்கும் ஒவ்வொரு முறையும் 84 டாலர் கிடைக்க வேண்டும். இருப்பது 46, ரிவரில் அவர் இன்னொரு 8 கொடுத்தால் 54. நடுவில் ஒருவர் கூட வந்து, இருவரும் ரிவரில் கொடுத்தாலும் 70. மூன்று பேரும் ஒட்டிக்கொண்டிருந்து மூவரும் கடைசி வரை கொடுத்தால்தான் 86. அதிலும் கிளப் தன் பங்கை எடுத்த பிறகு 84 மிஞ்சாது. அதே கை, அதே 9, அதே ஆட்கள். ஃபிளாப்பில் சரியாக இருந்தது டர்னில் படுமோசமாகிவிட்டது. விலை இரட்டித்தது, குவியல் அதற்கு ஈடாக வளரவில்லை, பின்னால் வசூலிக்க மீதமிருப்பதும் ஒரே சுற்று.

பின்னால் வரப்போகும் பணத்தையும் சேர்த்து எண்ணும் இந்த முறையைப் பிரபலமாக்கியவர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி. 1976-ல் ஹோல்டெம் பற்றித் தனி நூல் எழுதியவர். சிறு பந்தய மேசை தனி உலகம் என்று எடுத்துக்கொண்டு அதற்கென்றே லீ ஜோன்ஸ் 1994-ல் ஒரு கையேடு எழுதினார்: இங்கே உங்களை ஏமாற்றப் பார்ப்பவர் குறைவு, உள்ளே வருபவர்கள் அதிகம், கடைசியில் சீட்டைத் திருப்பித்தான் ஜெயிக்க வேண்டும். 2004-ல் எட் மில்லர், ஸ்க்லான்ஸ்கி, மேசன் மால்முத் மூவரும் சேர்ந்து எழுதிய சிறு பந்தய நூல் இன்னும் ஒரு படி போனது. குவியல் பெரிதாக இருக்கும்போது அற்பமான கையைக்கூட அவசரப்பட்டுக் கவிழ்க்காதே, டிராவை வைத்துக் கூட்டு, அரை அவுட், கால் அவுட்டையும் எண்ணு என்று அது வலியுறுத்தியது. இந்த வரிசையைப் படிப்பவருக்குப் புத்தகங்கள் மெல்ல மெல்லத் துரத்துபவர் பக்கம் சாய்ந்தது புலப்படும். ஏளனம் செய்யப்பட்ட அந்த ஆட்களில் பலர், ஏன் என்று தெரியாமலேயே, ஃபிளாப்பில் சரியாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எண்ணும் அவுட் எல்லாம் முழு அவுட் அல்ல. 9, 8 வைத்திருக்கிறீர்கள். நடுவில் 10, 7, 2. ஜாக்கியோ 6-ஓ வந்தால் வரிசை, 8 அவுட். நடுவில் கிடப்பதில் இரண்டு கிளாவர் என்றால், கிளாவர் ஜாக்கியும் கிளாவர் 6-ம் உங்களுக்கு வரிசையைத் தரும் அதே நேரத்தில் இன்னொருவருக்கு ஃபிளஷைத் தரலாம். கூட்டமான மேசையில் அந்த இரண்டையும் கழித்துவிடுவது நல்லது. 8 என்பது 6 ஆனால் 4.9 என்பது 6.8 ஆகிவிடும். சின்ன ஃபிளஷுக்கும் இதே வியாதி. 5, 4 ஆட்டினை வைத்துக்கொண்டு நடுவில் மூன்றாவது ஆட்டின் விழக் காத்திருப்பவர் அது வந்ததும் குதிக்கிறார். மேசையில் ஆறு பேர் இருந்தால் யாரோ ஒருவரிடம் ராணி ஆட்டின் இன்னொரு ஆட்டினோடு இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார். வராத சீட்டால் போவது ஒன்றிரண்டு பந்தயம். வந்தும் தோற்கும் சீட்டு மூன்று நான்கு பந்தயத்தைக் கொண்டுபோகும். நடுவில் ஏற்கெனவே ஒரு ஜோடி கிடக்கும்போது வரிசைக்கும் ஃபிளஷுக்கும் காத்திருப்பது இன்னும் மோசம்: யாரிடமாவது அவற்றைவிடப் பெரிய கையான ஃபுல் ஹவுஸ் அமைந்துவிட்டிருந்தால் உங்கள் 9 அவுட்டும் பூஜ்யம்.

உட்கார்ந்திருக்கும் இடத்தையும் மறக்கக் கூடாது. மேலே சொன்ன கணக்கெல்லாம் கடைசியாகப் பேசுபவருக்கு. உங்களுக்குப் பின் இன்னும் இருவர் இருந்தால் நீங்கள் வைத்த 4 டாலர் முழு விலை அல்ல. அவர்களில் ஒருவர் கூட்டினால் 8, மற்றவர் மேலும் கூட்டினால் 12. கட்ஷாட்டை முன் வரிசையிலிருந்து ஆடுவது, விலை தெரியாமல் கடைக்குள் போய்ப் பையை நிரப்புவது.

கிளப்பின் பங்கு பற்றி ஆட்டக்காரர்கள் புலம்புவார்கள், கணக்கில் சேர்க்கமாட்டார்கள். பல இடங்களில் குவியலில் பத்து சதவீதம், 4 அல்லது 5 டாலர் வரை. ஜாக்பாட் நிதி என்று இன்னும் ஒன்றிரண்டு டாலர். கலிபோர்னியாவில் கைக்கு இவ்வளவு என்று கட்டாக எடுப்பதும் உண்டு. ஜெயித்தவர் டீலருக்கு ஒரு டாலர் தள்ளிவிடுவது மரியாதை. ஆயிரக்கணக்கில் ஆடும் பெரிய மேசையில் இது தூசு. 4–8 மேசையில் அப்படியல்ல. நம் ஜாக்கி-10 கை ஃபிளாப்பில் 43 தேவைப்படும் இடத்தில் 50 சம்பாதித்தது. அதில் 6 டாலர் கழிந்தால் 44. ஒரு டாலர்தான் மிச்சம். ஆகவே காகிதத்தில் லாபமாகத் தெரியும் மெல்லிய டிராக்களைச் சிறு பந்தய மேசையில் நஷ்டமாகவே எடுத்துக்கொள்ளலாம். (இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்துவிட்டது. இங்கிருந்து படிப்பவர்களுக்கு இது கணக்குப் பாடமாகவே இருக்கட்டும்.)

தோற்ற ஏஸ்காரரின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தப்பான விலையில் ஒருவர் கூட வந்தால் அந்தத் தப்பின் லாபம் முன்னணியில் இருப்பவருக்கு வந்துசேர வேண்டும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். இருவர் மட்டும் இருக்கும்போது அது உண்மை. ஆண்டி மார்ட்டன் என்ற ஆட்டக்காரர் 1990-களில் காட்டியது வேறு. மூன்று நான்கு பேர் இருக்கும்போது, கட்ஷாட்டோடு தப்பாக வந்தவர் இழக்கும் பணம் ஏஸ்காரருக்குப் போகாமல், சரியான விலையில் ஃபிளஷுக்குக் காத்திருக்கும் மூன்றாமவருக்குப் போகலாம். ஏஸ்காரரும் கூடவே கொஞ்சம் இழக்கலாம். துரத்துபவர்கள் பேசிவைக்காமலேயே ஒருவருக்கொருவர் அரணாகிவிடுகிறார்கள். ஒரு மீனைப் பிடிப்பது எளிது, கூட்டமாக நீந்தும்போது அல்ல என்று ஆட்டக்காரர்கள் இதற்கு உவமை சொல்வதுண்டு. ஏஸ்காரரின் எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் திட்டுவது எதிரே 9 வாங்கியவரை. அவர் காசைத் தின்றது பெரும்பாலும் அந்தக் கூட்டம்.

இந்த மேசையில் அனுபவம் ஏன் யாரையும் திருத்துவதில்லை? "இவ்வளவு போட்டாச்சு, போட்ட காசை எடுக்கணுமே" என்று ஒருவர் ஃபிளாப்பில் கூட வருகிறார். காரணம் முழுத் தப்பு. நடுவில் விழுந்த காசு யாருடையதும் அல்ல. ஆனால் குவியல் பெரிதாக இருக்கிறது என்ற சரியான காரணமும் அவரை அதே முடிவுக்குத்தான் கொண்டுவந்திருக்கும். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்பதால் அவருக்குத் தன் தப்பு தெரிவதே இல்லை. டர்னில் இரண்டும் பிரிகின்றன. போட்ட காசு இன்னும் அதிகமாகிவிட்டது, ஆகவே அவருடைய காரணம் இன்னும் உரக்கக் கத்துகிறது. கணக்கோ வேண்டாம் என்கிறது.

அதிர்ஷ்டமும் பாடத்தைக் கலைத்துப் போடுகிறது. நல்ல ஃபிளஷ் டிராகூட மூன்றில் இரண்டு முறை கைவிடும். தொடர்ந்து ஐந்து முறை வராமல் போவது எட்டொன்பது தடவைக்கு ஒன்று நடப்பது, சாதாரணம். பத்து முறை தொடர்ந்து வராமல் போவதற்கு வாய்ப்பு 74-ல் 1; வாரம் இரண்டு நாள் ஆடுபவர் அதையும் பார்த்துவிடுவார். அப்படி ஒரு மாதம் போனால் சரியாக ஆடியவர் மனம் வெறுத்துக் கவிழ்க்கத் தொடங்குவார். ரிவரில் 9 வாங்கியவர் தன் மூக்குக்கு வேர்க்கும் என்று நம்பத் தொடங்குவார்.

கணினி தீர்ப்பு சொல்லிவிட்டதே என்று சிலர் கேட்கலாம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பவுலிங் குழுவினர் உருவாக்கிய செஃபியஸ் என்ற நிரல், லிமிட் ஹோல்டெமைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்துவிட்டதாக 2015-ல் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. உண்மைதான். ஆனால் அது இருவர் மட்டும் ஆடும் ஆட்டம். அங்கே குவியல் சிறியது, எதிரி தப்பே செய்யாதவர். ஐந்து பேர் சும்மா கூட வரும் 4–8 மேசையில் கட்ஷாட்டின் விலை என்ன என்று அதனிடம் கேட்க முடியாது; அங்கே பதிலைத் தீர்மானிப்பது எதிரே இருப்பவர்கள் எவ்வளவு தாராளமாகத் தப்பு செய்வார்கள் என்பதுதான்.

ஆகவே அந்த முறையீட்டுக்குப் பாதி நியாயம்தான் உண்டு. 9-க்குக் காத்திருந்தவர் ஃபிளாப்பில் வைத்த 4 டாலர் சரி. டர்னில் வைத்த 8 டாலர் தப்பு. ரிவரில் 9 வந்த பிறகும் அது தப்புதான்.